நவக்கிரகத்தைச் சுற்றிய இடது கால்

ஞாயிறு பத்திரிகையில் முப்பது வருடமாக நேர்த்திக்கடனையும் பரிகாரத்தையும் கேலி செய்து பத்தி எழுதியவன் நான். அந்த நான், ஐம்பத்தாறாவது வயதில், ஒரு சனிக்கிழமை காலை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கோயில் ஒன்றில் எள் விளக்கைக் கையில் ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றேன். தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று முகக்கவசம் போட்டிருந்தேன். கொரோனா காலத்தில்கூட அவ்வளவு ஒழுங்காகப் போட்டதில்லை.

என்னை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது பக்தி இல்லை. கைப்பேசியில் தெரிந்த ஓர் எண். தொண்ணூற்று நான்கு.

விஷயம் முதுகில் தொடங்கியது. விற்காமல் கிடந்த என் சொந்தப் புத்தகங்கள் இருந்த பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து தூக்கப் போனேன். இடுப்பில் ஏதோ நழுவியது. வாசகர்கள் தூக்காத பாரத்தை நான் ஒருவனே தூக்கினால் வேறென்ன ஆகும்? இரண்டு வாரத்தில் இடது கால் மரத்துப்போனது. பாதத்தின் முன்பகுதி மேலே எழும்ப மறுத்தது. கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில் முதுகெலும்பில் அறுவை செய்தார்கள். ஏன் கிள்ளான் என்றால், மச்சினியின் வீடு பக்கத்தில் காப்பாரில் இருக்கிறது, மூன்று வேளையும் சோறு வந்துவிடும். என் வாழ்வின் பெரிய முடிவுகள் எல்லாம் இந்த மாதிரிக் காரணங்களால் எடுக்கப்பட்டவைதாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு சிறு கருவிகளைக் கொடுத்தார்கள். தீப்பெட்டி அளவு, ஒவ்வொரு கணுக்காலிலும் ஒன்றாகக் கட்டிக்கொள்ள வேண்டும். நடக்கத் தொடங்கும்போது கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், முடிக்கும்போது இன்னொரு முறை. வலது கால் எடுத்துவைக்கும் அடியோடு இடது காலின் அடியை ஒப்பிட்டு அது ஓர் எண்ணைக் காட்டும். இரண்டும் சமமென்றால் நூறு. அந்த எண் கிள்ளானில் இருக்கும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரின் கணினிக்கும் போய்ச் சேரும். அவர் ஒரு மலாய்ப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். பெரிய அறுவை மருத்துவருக்கே யோசனை சொல்லக்கூடியவர்.

அறுவை மருத்துவர் சுருக்கமாகப் பேசுகிறவர். "மூணு மாசத்துல தொண்ணூறு வரணும். வரலன்னா நரம்பு இன்னும் எங்கயோ மாட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். திரும்பத் தொறந்து பாக்கணும்," என்றார். கார் பானெட்டைத் திறப்பது போலத்தான் சொன்னார். முதல் அறுவைக்குப் பிறகு நான்கு நாள் குப்புறவும் படுக்க முடியாமல் மல்லாக்கவும் படுக்க முடியாமல் கிடந்தவன் நான்.

எங்கள் அடுக்குமாடியில் நாலாவது மாடி வராந்தாவில் நடந்தேன். எழுபத்தொன்று. மறுநாள் எழுபது. ஒரு வாரம் கழித்து எழுபத்திரண்டு. இந்த வேகத்தில் போனால் தொண்ணூறைத் தொடும்போது எனக்கும் தொண்ணூறு ஆகியிருக்கும்.

பிறகு அந்த மழை வந்தது. சாயங்காலம் கடைவரிசை நடைபாதையில், நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிள்களுக்கும் பெயர்ந்த தரையோடுகளுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன். பிரிக்பீல்ட்ஸ் மழை முன்னறிவிப்புக் கொடுக்காது. பக்கத்தில் இருந்தது கோயில். வாசலில் பூக்கடை. "செருப்ப இங்க மேசைக்கு அடியில விடுங்கண்ணே, நனையாது," என்றார் பூக்கடை அக்கா. விட்டேன், உள்ளே போனேன்.

இருபது நிமிடத்துக்கு மேல் நிற்கவும் கூடாது, உட்காரவும் கூடாது என்பது மருத்துவர் கட்டளை. எனவே கோயிலுக்குள் மனிதன் நடப்பதற்கென்றே அமைந்த இடத்தில், நவக்கிரக மேடையைச் சுற்றி, பொத்தானைப் புதிதாக அழுத்திவிட்டு நடந்தேன். மின்விசிறி இருந்தது. மேடையைச் சுற்றிப் பளபளவென்று எவர்சில்வர் கம்பி வேறு. மழை விட்டதும் பொத்தானை அழுத்தினேன். தொண்ணூற்று மூன்று.

நிமிர்ந்து பார்த்தேன். ஒன்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு முதுகு சில்லிட்டது. அறுவைக்குப் பிறகு முதுகில் வலி தவிர வேறு உணர்ச்சி வந்தது அதுதான் முதல் தடவை.

நான் எளிதில் நம்புகிறவன் இல்லை. ஆகவே சோதனை செய்தேன். காலை வராந்தா, எழுபத்தொன்று. மாலை கோயில், தொண்ணூற்று நான்கு. அடுத்த நாள் நேரத்தை மாற்றினேன்: காலை கோயில், தொண்ணூற்று ஐந்து, மாலை வராந்தா, எழுபது. அதே கால், அதே கருவி, அதே சாப்பாடு. வராந்தாவிலும் செருப்பில்லாமல் நடந்து பார்த்தேன். ஏறவில்லை. ஒரு வாரம் முழுக்க இப்படிக் கட்டம் போட்டு எழுதினேன். நான் படித்த பகுத்தறிவு நூல்களெல்லாம் ஒரே குரலில் சொன்னது என்ன? ஆதாரம் கிடைத்தால் கொள்கையை மாற்றிக்கொள். ஆதாரம் கையிலேயே இருந்தது, சதவீதத்தோடு. வருடக்கணக்காக விரதமிருக்கும் பக்தர்களுக்குக்கூடக் கிடைக்காத அளவு துல்லியமான அருள்.

அதற்கு மேல் நான் சரிந்த வேகத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. கால் சம்பந்தப்பட்டதெல்லாம் சனி பகவானின் இலாகா என்று எனக்குத் தெரியும். கிண்டல் செய்வதற்காகவே படித்து வைத்திருந்தேன். அவருக்கே ஒரு கால் நொண்டி என்பது கதை. சக நோயாளி என்ற உரிமையில் சனிக்கிழமைதோறும் எள் விளக்குப் போட ஆரம்பித்தேன். ஒன்பது சுற்று இருபத்தேழாயிற்று, இருபத்தேழு நூற்றெட்டாயிற்று. கோயிலுக்குள் நுழைந்த பிறகுதான் பொத்தானை அழுத்துவேன். வெளியேறும் முன் நிறுத்திவிடுவேன். வராந்தாவில் நடப்பதைப் பதிவு செய்வதையே விட்டுவிட்டேன். எண்ணைக் கெடுத்துக்கொள்வானேன்? அதை நான் ஏமாற்று வேலை என்று நினைக்கவில்லை. ஓர் எழுத்தாளன் தேர்ந்தெடுத்த படைப்புகளை மட்டும் வெளியிடுவதில்லையா?

கிள்ளானிலிருந்து வாரம் ஒரு செய்தி வரும். "பாகுஸ், அங்கிள்." நல்லது என்று மலாயில் பாராட்டு. மூன்றாவது 'பாகுஸ்' வந்த வாரம், வாரம் மூன்று முறை இருந்த பாதப் பயிற்சியை ஒரு முறையாகக் குறைத்தார். இரப்பர்ப் பட்டையைக் கால்விரலில் மாட்டி இழுக்கும் அந்த அறுவையான பயிற்சியிலிருந்து விடுதலை. சனி பகவானுக்கு அந்த வாரம் இரண்டு விளக்கு.

மனைவியிடம் சொல்லவில்லை. அவர் வெள்ளிக்கிழமைதோறும் அதே கோயிலுக்குப் போகிறவர். நான் மற்ற நாட்களில் போனேன். மாமாக் ரொட்டிக் கடையில் தே தாரிக் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்வேன். திருநீற்றைத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவேன். ஒருநாள் அவர் என் காதோரத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "மாமாக் கடையில இப்ப மாவெல்லாம் காதுலதான் பெசையுறாங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

பூக்கடை அக்காவுக்கு மட்டும் எல்லாம் தெரியும். என் செருப்பு தினமும் அவர் மேசைக்கடியில்தானே கிடந்தது. ஒருநாள் அவர், "அண்ணே, இந்த எடது செருப்பக் கொஞ்சம் பாருங்க," என்றார். என் எளிய கோலத்தைக் குறை சொல்கிறார் என்று நினைத்தேன். "புதுசு வாங்கணும்க்கா," என்று பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டு உள்ளே போனேன். தொண்ணூற்றாறு காத்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்குக் கொமுட்டர் ரயிலில் கிள்ளான் போனேன். மனைவி காப்பாருக்கு முந்தின நாளே போயிருந்தார். நேராக அங்கிருந்து வந்து சேர்ந்துகொண்டார். சிகிச்சையாளர் என்னை எதிர்கொண்டு அழைத்தார். அவர் பேசியது மலாயும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. நினைவில் தமிழாகத்தான் நிற்கிறது.

"அங்கிள்தான் எங்க ஸ்டார். டாக்டர் வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை இங்கயே நடங்க. அவர்கிட்ட காட்டலாம்."

நீண்ட, பளபளக்கும், நேரான நடைக்கூடம். போய்த் திரும்பினேன். அவர் திரையைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த ஆள் மட்டும் எங்கோ போய்விட்டார்.

"பேட்டரி," என்றார். வேறு கருவி கொண்டுவந்து கட்டினார். மறுபடியும் நடந்தேன். திரையை என் பக்கம் திருப்பினார். அறுபத்தெட்டு.

என் வராந்தாக் கணக்கைவிடவும் மூன்று குறைவு. மூன்று மாதத்துக்கு முன்பு நான் இருந்த இடத்துக்கும் பின்னால். பக்கத்தில் மனைவி கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"அங்கிள் வழக்கமா எங்க நடக்கிறீங்க?"

"வீட்டுப் பக்கத்தில்."

"பூங்காவா?"

"பூங்கா மாதிரி."

"மாதிரின்னா?"

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் முப்பது வருடப் பகுத்தறிவு சாட்சிக்கூண்டில் ஏறியது. "கோயிலில்," என்றேன். "நவக்கிரகம்... ஒன்பது சாமி... சுற்றி வருவோம்."

சிகிச்சையாளர் சிரிக்கவில்லை. ஒரு காகிதத்தை நீட்டி வரைந்து காட்டச் சொன்னார். நடுவில் ஒரு சதுரம் போட்டேன். அதைச் சுற்றி ஒரு வட்டம். எந்தத் திசை என்று கேட்டார். வலப்பக்கமாகத் திரும்பும் அம்புக்குறி போட்டேன்.

"எப்பவும் இதே பக்கமா? ஒருநாள்கூட எதிர்ப்பக்கம் சுத்த மாட்டீங்களா?"

"அது வழக்கமில்லை."

"ஒரு நாளைக்கு எத்தனை சுத்து?"

"நூற்றெட்டு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "போன வருஷம் அம்மாவ மெக்காவுக்கு உம்ரா கூட்டிட்டுப் போனேன். நாங்களும் சுத்துவோம் அங்கிள், ஆனா இடப்பக்கமா. அம்மாவுக்கு முட்டி வலி. உள்பக்கம் இருக்கிற கால் சின்ன அடி வைக்கும், வெளிப்பக்கக் கால் பெரிய அடி வைக்கும். வேற வழி இல்லை, வட்டம் அப்படி." காகிதத்தில் என் வட்டத்துக்குள் இரண்டு பாதங்களை வரைந்தார். "உங்க வட்டத்துல வலது கால் உள்ளே. நல்ல கால், ஆனா அடி குறுகிப்போச்சு. இடது கால் வெளியே. அது நல்லா ஆகல. வலது கால் அதுக்காக இறங்கி வந்திருக்கு. மெஷின் ரெண்டும் சமம்னு சொல்லுது." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "கையில எதையாவது பிடிச்சுக்கிட்டீங்களா?"

"கம்பி. சும்மா தொட்டுக்கொண்டு."

"எந்தக் கை?"

வலது கை. மேடை வலப்பக்கம் இருந்தால் வேறு எந்தக் கை? இடது கால் பலவீனமானவனுக்கு ஊன்றுகோலை வலது கையில்தான் கொடுப்பார்களாம். ஆக நான் இரண்டு மாதமாக, எவர்சில்வரில் செய்த மிக நீளமான ஊன்றுகோல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

அவர் கூடத்தின் நடுவில் இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டார். வலமாகச் சுற்றச் சொன்னார், மேசை விளிம்பைத் தொட்டபடி. தொண்ணூற்று மூன்று. அருள் கிள்ளான் வரைக்கும் வந்திருந்தது. ஆஸ்பத்திரி மேசையும் சனி பகவானும் ஒரே பலனைக் கொடுத்தார்கள்.

"இப்ப எதிர்ப்பக்கம். கையை எடுத்துருங்க."

நாலாவது அடியில் இடது கால்விரல் தரையில் சிக்கியது. விழுவதற்குள் அவர் என் இடுப்புப் பட்டையைப் பிடித்துவிட்டார். கைப்பேசியில் எண் எதுவும் வரவில்லை; 'மீண்டும் முயலவும்' என்று மட்டும் வந்தது. நாற்காலியில் உட்காரவைத்தார்கள். என் காலைப் பார்த்தேன். இரண்டு மாதமாக நான் கொண்டாடிக்கொண்டிருந்தது அந்தக் காலை இல்லை. அது பாவம், நாளுக்கு நாள் மெலிந்துகொண்டிருந்திருக்கிறது. கண்ணாலேயே தெரிந்தது, ஆடுதசை மற்றதைவிட ஒரு சுற்றுச் சிறிது. தினமும் குளிக்கும்போது பார்த்த கால்தான். எண்ணைப் பார்த்ததால் காலைப் பார்க்கவில்லை.

அறுவை மருத்துவர் வந்தார். குதிகாலில் நிற்கச் சொன்னார். வலது பாதம் நிமிர்ந்தது. இடது பாதம் தரையிலேயே படுத்துக் கிடந்தது.

"பயிற்சி செய்யலயா?"

"நான்தான் குறைச்சேன் டாக்டர்," என்றார் சிகிச்சையாளர். "எண் நல்லா இருந்துச்சு. எங்க நடக்கிறார்னு கேட்டிருக்கணும். கேக்கல."

அதுதான் என்னை அதிகம் உலுக்கியது. இருபது நிமிடத்தில் என் இரண்டு மாத முட்டாள்தனத்தைக் கண்டுபிடித்த பெண், அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறார். வராந்தா எண்களை நான்தான் மறைத்தேன் என்று சொன்னேன். மருத்துவர் என் கோப்பை மேசைமேல் வைத்தார்.

"இன்னிக்கு உங்கள அனுப்பிச்சிரலாம்னு இருந்தேன்," என்றார். "இப்ப ஸ்கேன் எடுக்கணும். நரம்பு மாட்டியிருந்தா அடுத்த வாரமே தொறக்கணும். ஏற்கெனவே லேட்."

ஸ்கேன் முடிவுக்கு மூன்று நாள். காப்பாரில் மச்சினி வீட்டில் தங்கினோம். மச்சினி கருவாட்டுக் குழம்பு வைத்தார், இறங்கவில்லை. இரண்டாம் நாள் மனைவி துணி மடித்துக்கொண்டே, "ஏங்க, முப்பது வருஷமா நான் கூப்பிட்டேன், வரல," என்றார். "தனியாப் போயிருக்கீங்க. அதையும் மறைச்சு. ஊர்ல ஆம்பளைங்க மறைக்கிறதுக்கு எவ்வளவோ இருக்கு. நீங்க சாமி கும்பிடறத மறைச்சிருக்கீங்க."

"உனக்குத் தெரியாதா?"

"காதுல திருநீறு பாத்தேன். சரி, மனுஷன் பயந்துபோய்ப் போறாரு, போகட்டும்னு விட்டேன். நீங்க அங்க பரீட்சை எழுதிக்கிட்டு இருந்தீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்த மூன்று நாளும் நான் வேண்டிக்கொள்ளவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. யாரிடம் எந்த முகத்தோடு கேட்பது என்று தெரியவில்லை.

நரம்பு விடுபட்டுத்தான் இருந்தது. திறக்க வேண்டியதில்லை. மருத்துவர் அதைச் சொன்னபோது மனைவி அழுதார். நான் நன்றி சொல்லக்கூட மறந்து, திரையில் இருந்த என் முதுகெலும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆனா தசை போயிருக்கு," என்றார் அவர். "பயிற்சி செய்ய வேண்டிய நேரத்துல செய்யல. எவ்வளவு திரும்பி வரும்னு சொல்ல முடியாது." இடது பாதத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தாங்கி கொடுத்தார்கள். காலணிக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். பாதம் தொங்காமல் அது பிடித்துக்கொள்ளும்.

இன்று வரைக்கும் அதைப் போட்டிருக்கிறேன். நாலாவது மாடி வராந்தாவில், முப்பத்திரண்டு கதவுகளைத் தாண்டி நேராக நடக்கிறேன். இரப்பர்ப் பட்டையை வாரம் முழுக்க இழுக்கிறேன். எண்பத்தொன்றில் வந்து நின்றுவிட்டது. மாதங்களாக அங்கேயே நிற்கிறது. தொண்ணூறு வராது என்றுதான் நினைக்கிறேன். அந்த ஒன்பதை நான் கோயிலில் சுற்றித் தொலைத்துவிட்டேன். எண்ணிக்கைப் பொருத்தத்தைக் கவனியுங்கள். பழைய புத்தி என்றால் இதையும் நம்பியிருப்பேன்.

தாங்கி போட ஆரம்பித்த பிறகு ஒரு சனிக்கிழமை பூக்கடைப் பக்கம் போனேன். உள்ளே போவதற்காக இல்லை. பழைய செருப்பு அங்கேயே கிடந்தது. கடைசியாக வந்த அன்று ரயிலுக்காகக் காலணி மாற்றிக்கொண்டு விட்டுவிட்டுப் போனது.

"ரொம்ப நாளா ஆளக் காணோமே, அண்ணே?"

முழுக்கச் சொன்னேன். கருவி, தொண்ணூற்று நான்கு, உள்கால், வெளிக்கால், கம்பி, மேசை. அறிவுலகம் அறிய வேண்டிய விஷயம் என்பதால் விளக்கமாகவே சொன்னேன். அக்கா மல்லிகை கட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் குனிந்து என் இடது செருப்பை எடுத்து மேசைமேல், மாலைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். குதிகால் பகுதி புதிது போல இருந்தது. முன்பகுதி காகிதமாகத் தேய்ந்து, விரல் பக்கம் ஓட்டையே விழுந்திருந்தது. நடைபாதையெல்லாம் உரசிக்கொண்டே வந்த செருப்பு.

"இதத்தானே அன்னிக்கே பாருங்கன்னு சொன்னேன். காலு இழுக்குதுண்ணே, மெசின் என்னாத்துக்கு லா? நீங்கதான் புதுசு வாங்கணும்னு சிரிச்சிட்டுப் போய்ட்டீங்க."

அக்கா பூவை வாழைநாரில் இறுக்கிக்கொண்டே கோயிலுக்குள் எட்டிப் பார்த்தார்.

"பாவம்ணே அந்தச் சனி பகவான். செய்யாத நல்லதுக்கெல்லாம் வாராவாரம் வெளக்கு வாங்கிக்கிட்டு இருந்திருக்காரு."